நிலம் எங்க பேர்ல இல்ல, குழாய் கேக்க முடியுமா? தண்ணி இல்லாம கழிப்பறை மட்டும் கட்டித் தர்றோம்ங்கிறாங்க, வாங்கலாமா?

ஓடைக்கரை எழுதியது:

வணக்கம். இங்க நான் இதுவரைக்கும் படிச்சுட்டு மட்டும்தான் போயிருக்கேன். இப்ப கேட்டே ஆகணும்னு எழுதறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

நாங்க இருக்கிறது ஓடைக் கரையில. 160 வீடு. போன மாசம் நானும் பக்கத்து வீட்டுத் தங்கச்சியும் நோட்டு எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போய் எண்ணினோம். 712 பேர். நான் கல்யாணமாகி இங்க வந்து 19 வருஷம் ஆகுது, வீட்டுல தையல் மெஷின் வச்சுத் தைக்கிறேன். நிலம் யார் பேர்லயும் இல்ல. கரண்ட் இருக்கு, ஓட்டு இருக்கு. தண்ணி இணைப்பு மட்டும் கிடையாது.

மொத்தக் குடியிருப்புக்கும் ரோட்டோரத்துல ரெண்டு பொதுக் குழாய். ஒருநாள் விட்டு ஒருநாள், விடியக்காலை 3 மணியிலிருந்து 5 மணி வரைக்கும் வரும். 15 லிட்டர் குடம் நிரம்ப ரெண்டு நிமிஷம் ஆகுது, போன்ல நேரம் வச்சுப் பார்த்தேன்.

அந்தக் குழாயைப் பத்திச் சொல்லணும். முதல்ல அது இடுப்பு உயரத்துல இருந்துச்சு. அந்த உயரத்துக்குத் தண்ணி ஏறல. குழாயை வெட்டிக் கீழ இறக்கினோம். அப்பவும் ஏறல. குழி தோண்டினோம். இப்ப குழாய் வாய் ரோட்டு மட்டத்துக்கு மூணடி கீழ இருக்கு. மூணு படி வெட்டி வச்சிருக்கோம். ஒருத்தர் உள்ள இறங்கி நின்னு குடத்தைப் பிடிச்சு, மேல நிக்கிறவங்க கையில கொடுக்கணும். படி பாசி பிடிச்சு வழுக்கும். மழை பெஞ்சா பக்கத்துச் சாக்கடை பொங்கி குழிக்குள்ள இறங்கிடும். குழாய் வாய் அதுக்குள்ள முங்கிக் கிடக்கும். வாளியில மொண்டு வெளிய ஊத்திட்டுத்தான் பிடிப்போம். முதல் பத்து நிமிஷம் வர்ற தண்ணியில வாடை அடிக்கும், அதைத் துணி துவைக்க வச்சுக்குவோம். அப்புறம் தெளிஞ்சிடும்.

மீதிக்குத் தண்ணி லாரி. அது வர்ற நேரத்துக்கு யார் வீட்டுல இருக்காங்களோ அவங்களுக்குத் தண்ணி.

கழிப்பறை 11 வீட்டுல இருக்கு, ஓடையில நேரா விட்டிருக்காங்க. மத்தவங்க எல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற புதர். என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல தண்ணி குடிக்க மாட்டா. நான் ஏன்னு கேட்டதில்ல, நானும் அந்த வயசுலருந்து அப்படித்தான்.

இப்ப ரெண்டு விஷயம். வீட்டு இணைப்பு கேட்டு மூணு தடவை மனு கொடுத்தோம். "நிலம் உங்க பேர்ல இருக்கா? இல்லன்னா கிடையாது. கொடுத்தா நாளைக்கு அந்தத் தண்ணி பில்லையே காட்டி நிலம் கேட்டு வந்து நிப்பீங்க"ன்னு அலுவலகத்துல சொல்லிட்டாங்க. இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

ரெண்டாவது, ஒரு தொண்டு அமைப்பு வந்து பத்து அறை வச்ச பொதுக் கழிப்பறை கட்டித் தர்றோம், இடம் காட்டுங்கங்கிறாங்க. தண்ணி? அது நீங்க பார்த்துக்கணுமாம். அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க கூட்டம். பாதிப் பேர் "வர்றதை எதுக்கு விடணும்"ங்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு. ஆனா கூட்டத்துல பயமா இருக்குன்னு மட்டும் சொன்னா யார் கேப்பாங்க? காரணம் சொல்லத் தெரியணும். தெரிஞ்சவங்க எழுதுங்க.


மூன்றாம் வரிசை எழுதியது:

அக்கா, உங்க பயம் சரிதான். எங்க குடியிருப்புலயும் இதே மாதிரி கட்டினாங்க, எட்டு அறை. திறப்பு விழா அன்னைக்கு டைல்ஸ் எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. எங்க அம்மா செருப்பை வெளிய கழட்டி விட்டுட்டு உள்ள போனாங்க, அழுக்காயிடக் கூடாதுன்னு.

ஏழாவது மாசம் செப்டிக் டேங்க் நிரம்பிடுச்சு. டேங்க் கட்டினது எத்தனை பேருக்குன்னு யாரும் கேக்கல, கட்டினவங்களும் சொல்லல. கழிவு உறிஞ்சற லாரி வந்துச்சு, ஆனா எங்க சந்து அஞ்சரை அடி. லாரி ரோட்டுல நின்னுடுச்சு, ஹோஸ் டேங்க் வரைக்கும் எட்டல. பத்து நாள் நாறிச்சு. அப்புறம் பூட்டிட்டாங்க. இப்ப அதுல சிமெண்ட் மூட்டையும் பழைய கதவும் கிடக்கு.

பூட்டறதுக்கு முன்னாடியே ராத்திரியில அது எங்களுக்கு இல்லக்கா. சாவி ஒருத்தர் கையில. அவர் ஒன்பது மணிக்குத் தூங்கிடுவார். எந்தப் பொம்பளை நடுராத்திரியில போய் ஒரு ஆம்பளை வீட்டுக் கதவைத் தட்டி சாவி கேப்பா? திரும்பவும் இருட்டுலதான் போனாங்க. தண்ணிக்கும் அவங்கவங்க வாளி. குடிக்கப் பிடிச்ச தண்ணியில பாதி அங்க போச்சு.

அதனால கூட்டத்துல மூணே கேள்வி கேளுங்க. ராத்திரி ரெண்டு மணிக்குச் சாவி யார்கிட்ட இருக்கும்? டேங்க் நிரம்பினா லாரி எங்க நிக்கும், ஹோஸ் எட்டுமா? அன்னாடம் கழுவறவங்களுக்குச் சம்பளம் எங்கருந்து வரும்? இதுக்குப் பதில் எழுத்துல வந்தா இடம் காட்டுங்க. வாய்ல சொன்னா வேணாம். எங்களுக்கும் வாய்லதான் சொன்னாங்க.


முன்னாள் பொறியாளர் எழுதியது:

சகோதரி, 31 ஆண்டுகள் குடிநீர் வழங்கலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் முன்னால் அந்தக் குழியைப் பற்றி எழுதிவிடுகிறேன். நீங்கள் அதை வழியில் சொல்லிப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் படிக்கவே முடியவில்லை.

ஐந்து மணிக்குத் தண்ணீர் நிற்கும்போது மெயின் குழாய்க்குள் இருக்கும் நீர் பள்ளமான பக்கத்துக்கு வடிந்து போகும். அப்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது. திறந்து கிடக்கிற வாய் எதுவோ, கசிகிற இணைப்பு எதுவோ, அதன் வழியாக வெளியில் இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் குழாய் வாய் சாக்கடை நீருக்குள் முங்கிக் கிடந்தால் உறிஞ்சுவது சாக்கடையைத்தான். மறுமுறை திறக்கும்போது முதல் பத்து நிமிடம் வருகிற வாடை அதுதான். பிறகு தெளிந்துவிடுகிறது என்கிறீர்கள். கண்ணுக்குத் தெளிகிறது, அவ்வளவே. கிருமி போய்விட்டதாக எண்ண வேண்டாம்.

1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ ஒரு கைபம்பைக் காட்டினார், அதன் கைப்பிடியைக் கழற்றினார்கள் என்பதைப் பலர் படித்திருப்பீர்கள். பிறகு தோண்டிப் பார்த்ததில் அந்தக் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கழிவுத் தொட்டிக்கும் நடுவே மூன்று அடிகூட இல்லை. தொட்டியின் செங்கல் சுவர் சிதைந்திருந்தது. நோயுற்ற ஒரு குழந்தையின் துணியை அலசிய நீர் அந்தத் தொட்டியில்தான் போயிருந்தது. அந்தத் தண்ணீரையும் தெளிவான நல்ல தண்ணீர் என்று தேடி வந்து குடித்தார்கள்.

எனவே இன்றைக்கே செய்ய வேண்டியது: ஐந்து மணிக்குத் தண்ணீர் தானாக நிற்கும்வரை காத்திராமல், ஓட்டம் குறையத் தொடங்கும்போதே குழாயை மூடி, வாயில் மரையுள்ள மூடி ஒன்றைத் திருகிவிடுங்கள். குழியைச் சுற்றி ஒன்றரை அடிக்குச் செங்கல் வைத்துப் பூசினால் சாக்கடை உள்ளே இறங்காது. குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றுங்கள், இல்லையென்றால் குளோரின் போடுங்கள். மெயினில் வேறு இடங்களிலும் கசிவு இருக்கலாம் என்பதால் குழியைச் சரி செய்த பிறகும் இதை விடாதீர்கள்.

அடுத்து உங்கள் கணக்கு. 15 லிட்டருக்கு 2 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு ஏழரை லிட்டர். இரண்டு குழாய், இரண்டு மணி நேரம்: 1,800 லிட்டர். குடம் மாற்றும்போது ஒரு சொட்டும் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 712 பேருக்கு, இரண்டு நாளைக்கு, அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டர். பேரிடர் முகாம்களுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் ஸ்பியர் கையேடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்கிறது. எல்லாவற்றையும் இழந்து கூடாரத்தில் இருப்பவர்களுக்கான அளவு அது. லாரித் தண்ணீரை விட்டுவிட்டால், உங்கள் குழாய்களில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. இந்தக் கணக்கை மனுவின் முதல் பத்தியில் எழுதுங்கள். "கஷ்டப்படுகிறோம்" என்று ஆயிரம் மனு வருகிறது. "ஒன்றேகால் லிட்டர்" என்று எழுதி வந்ததை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

நில ஆவணம் பற்றி. சகோதரி, "விண்ணப்பதாரருக்கு நில உரிமை இல்லை, நிராகரிக்கலாம்" என்ற வரியைக் கோப்பில் நானே எழுதியிருக்கிறேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. அதை இன்று உங்களிடம் சொல்லாமல் ஆலோசனை மட்டும் சொல்வது நியாயமாகாது.

அந்த வரி எழுத எளிது. அதற்குப் பின்னால் அலுவலகத்துக்கு இருக்கும் பயங்கள் வேறு. பில் கட்டாவிட்டால் யாரைக் கேட்பது, 160 வீட்டுத் தண்ணீர் மீட்டரை யார் போய்ப் பார்ப்பது, நாளைக்கு இடத்தைக் காலி செய்யச் சொன்னால் பதித்த குழாய் வீணாகிறதே என்று தணிக்கையில் கேட்டால் என்ன பதில் சொல்வது. ஆகவே வீட்டு இணைப்பு என்று கேட்காதீர்கள். சங்கம் ஒன்றைப் பதிவு செய்து, சங்கத்தின் பேரில் ஒரே மொத்த இணைப்பு கேளுங்கள். மீட்டர் பொதுச் சாலையின் ஓரத்தில் இருக்கட்டும். சாலை அவர்களுடையது, அங்கே நிலப் பிரச்சினை இல்லை. மீட்டருக்கு உள்ளே போகும் குழாய் உங்கள் செலவு, உங்கள் பொறுப்பு. அதோடு, இந்த இணைப்பை நில உரிமைக்கு ஆதாரமாகக் காட்ட மாட்டோம் என்று நீங்களே ஓர் உறுதிமொழி இணைத்துவிடுங்கள். நிலத்துக்கான போராட்டத்தை வேறு மேடையில் நடத்துங்கள், அதை விடச் சொல்லவில்லை. இந்தக் காகிதத்தில் மட்டும் அது வேண்டாம். சம்மதிக்க நினைக்கிற அதிகாரிக்குக் கோப்பில் எழுத ஒரு வரி வேண்டும். அந்த வரியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இது புதிதல்ல. டாக்காவில் 1990-களின் தொடக்கத்தில் துஸ்த ஸ்வாஸ்த்ய கேந்திரா என்ற அமைப்பு, தான் பொறுப்பேற்று, குடிசைப் பகுதி மக்களுக்காக நகரக் குடிநீர் நிறுவனத்திடம் இணைப்பு வாங்கியது. மக்கள் பில்லை ஒழுங்காகக் கட்டினார்கள். பிறகு மக்கள் அமைப்புகளுக்கே நேரடியாக இணைப்பு தரும் நிலை வந்தது. மும்பை உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரில், அனுமதியில்லாக் குடிசையில் வசிக்கிறார் என்பதற்காக ஒருவருக்குக் குடிநீரை மறுக்க முடியாது என்று சொன்னது. அதிகக் கட்டணம் வாங்கலாம் என்றும் சொன்னது, அது வேறு. ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 2002-இல் வெளியிட்ட 15-ஆம் பொதுக் கருத்துரை, வீடு அல்லது நிலத்தின் நிலையைக் காரணம் காட்டி எந்தக் குடும்பத்துக்கும் தண்ணீர் உரிமையை மறுக்கக் கூடாது என்கிறது. 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச் சபை குடிநீரையும் சுகாதார வசதியையும் மனித உரிமையாக ஏற்றது, தீர்மானம் 64/292. உங்கள் நாட்டுச் சட்டத்துக்கு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மனுவில் இவற்றைக் குறிப்பிடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஒரு சிக்கலைப் பற்றி எச்சரிக்கை. பல ஊர்களில் பயன்பாடு கூடக் கூடக் கட்டண விகிதமும் ஏறும். 160 குடும்பம் ஒரே மீட்டரில் குடித்தால் அத்தனை பேரும் ஒரு பெரிய மாளிகைக்காரர் போலக் கணக்காகி உச்ச விகிதத்தில் பில் வரும். மனுவிலேயே, மொத்தப் பயன்பாட்டை 160-ஆல் வகுத்து விகிதம் போட வேண்டும் என்று எழுதிவிடுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொது இணைப்புகள் இந்த ஒரு காரணத்தால் கடனாகி அறுபட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு கேட்பது? ஆளுக்கு 20 லிட்டர் வைத்தால் நாளைக்கு 14,240 லிட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் விநியோகம் என்பதால் 30,000 லிட்டர் கொள்ளும் மூடிய தரைத்தொட்டி, அதிலிருந்து மோட்டாரில் ஏற்ற ஒரு மேல்தொட்டி. சாலையிலிருந்து தொட்டிக்கு 90 மி.மீ. குழாய். மேல்தொட்டியிலிருந்து ஆறு குழாய். 250 பேருக்கு ஒரு குழாய் என்ற கணக்கில் மூன்று போதும் என்பார்கள். அது குழாய் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடினால்தான் பொருந்தும். ஆறு கேளுங்கள். அதன் பிறகு யாரும் விடியக்காலை மூன்று மணிக்குக் குழிக்குள் இறங்க வேண்டாம்.


கிராம செவிலியாக இருந்தவள் எழுதியது:

தங்கச்சி, கழிப்பறையைப் பத்தி நான் சொல்றேன். தம்பி மேல எழுதியிருக்கிற மூணு கேள்வியும் தங்கம். அதோட எண்ணிக்கையையும் சேர்த்துக்கோ.

பொதுக் கழிப்பறைன்னா 20 பேருக்கு ஒண்ணுங்கிறது குறைந்தபட்சம். உங்களுக்கு 36 வேணும். அவங்க தர்றது பத்து, அதாவது ஒரு கதவுக்கு 71 பேர். காலையில அஞ்சுலருந்து ஏழு வரைக்கும் எல்லாரும் போகணும்னு வச்சுக்கோ, ஆளுக்கு ரெண்டு நிமிஷம்கூட இல்ல. வயித்துப்போக்கு வந்த பிள்ளைக்கும், மாசத்துல மூணு நாள் இருக்கிற பொண்ணுக்கும், முட்டி மடங்காத பாட்டிக்கும் அதே ரெண்டு நிமிஷம். அப்புறம் என்ன ஆகும்? ஆம்பளைங்களும் பிள்ளைகளும் திரும்ப ஓடைப் பக்கம் போயிடுவாங்க. கொஞ்ச நாள்ல அறை நாறிப் போய் பொம்பளைங்களும் போக மாட்டாங்க.

தண்ணிக் கணக்கும் போடு. கால் கழுவ, ஊத்திவிட, ஆளுக்கு மூணு லிட்டர்னு ரொம்பக் குறைச்சுப் போட்டாலும் நாளைக்கு 2,100 லிட்டர். உங்க ரெண்டு குழாயும் சேர்ந்து ரெண்டு நாளைக்குத் தர்றதே 1,800. இருக்கிற தண்ணி எல்லாத்தையும் அந்தக் கட்டடத்துக்குள்ள ஊத்தினாலும் போதாது. இதைக் கூட்டத்துல சொல்லு.

உடனே வேணாம்னு திருப்பி அனுப்பிடாதே. பணம் வச்சிருக்காங்க, நல்ல மனசோடதான் வந்திருப்பாங்க. வேற மாதிரி கேளு. நாலஞ்சு குடும்பத்துக்கு ஒரு அறை, அந்தந்தக் குடும்பத்துக்கு ஒரு சாவி. அஞ்சு பேருக்கு அஞ்சு சாவி வெட்டறது பெரிய செலவில்ல. இது யார் வீட்டுதுன்னு தெரிஞ்ச கழிப்பறை சுத்தமா இருக்கும், நான் பார்த்த வரைக்கும் இது தவறினதே இல்ல. வீட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ள இருக்கணும். வாசல் தெருவிளக்கைப் பார்த்து இருக்கணும், கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கணும், உள்ள ஒரு கொக்கி இருக்கணும். துணியை மாட்ட இடமில்லாம பல்லுல கடிச்சுக்கிட்டு நிக்கிற பொண்ணுங்களை எனக்குத் தெரியும்.

ஓடைக் கரைங்கிறதால குழிக் கழிப்பறை வேண்டாம். சுலப்ங்கிற அமைப்பு கட்டற மாதிரி ரெட்டைக் குழி, ஒண்ணு நிரம்பினா அடுத்ததுக்கு மாத்திக்கிறது, நல்ல ஏற்பாடுதான், பிந்தேஷ்வர் பாடக் 1970-லருந்து அதைப் பரப்பி எத்தனையோ பேரைக் கையால மலம் அள்ளற வேலையிலருந்து விடுவிச்சார். ஆனா குழியோட அடி, நிலத்தடி நீருக்கு ஒன்றரை மீட்டர் மேல இருக்கணும், கிணத்துக்கு 30 மீட்டர் தள்ளி இருக்கணும். ஓடைக்கரையில தோண்டினா மூணடியிலயே தண்ணி வந்துடும். ஒண்ணு, கசியாத தொட்டி கட்டி லாரி வந்து எடுக்க வழி வைக்கணும். இல்லன்னா சந்துக்குள்ள சின்னக் குழாய் பதிச்சு பெரிய சாக்கடைக் குழாய்ல சேர்க்கணும்.

ரெண்டாவதை மக்களே செஞ்ச ஊர் இருக்கு. கராச்சியில ஒராங்கின்னு ஒரு பெரிய குடியிருப்பு. 1980-ல அக்தர் ஹமீத் கான்ங்கிற சமூக சேவகர் அங்க போனார். வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் உங்க செலவு, ஊர்ப் பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசாங்கம்னு பிரிச்சுக் காட்டினார். 20, 30 வீடு இருக்கிற சந்துதான் ஒரு அலகு. சந்துக்கு ஒருத்தரை அவங்களே தேர்ந்தெடுத்துப் பணம் வசூல் பண்ணிப் பதிச்சாங்க. அந்த வேலையைப் பின்னாடி நடத்தினவர் பர்வீன் ரஹ்மான், கட்டடக் கலை படிச்ச பொம்பளை. எந்தச் சந்துல எந்தக் குழாய் போகுது, எந்த ஓடை எங்க சேருது, யார் தண்ணியைத் திருடி லாரியில விக்கிறாங்கன்னு வரைபடமாவே போட்டு வச்சாங்க. 2013 மார்ச் 13-ல அவங்களைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. ஒரு சாக்கடை வரைபடத்துக்கு அவ்வளவு பலம் இருக்கு தங்கச்சி. நீ நோட்டு எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போனேன்னு எழுதியிருக்கியே, அதைப் படிச்சதும் எனக்கு அவங்க ஞாபகம்தான் வந்துச்சு. அந்த நோட்டுல ஒரு படமும் வரை. சந்தோட அகலம், சரிவு எந்தப் பக்கம், சாக்கடை எங்க சேருது, எல்லாம்.

கடைசியா ஒண்ணு. எந்தத் தொட்டி கட்டினாலும், அடைப்பெடுக்க யாரையும் உள்ள இறக்க விடாதே. மூடியைத் திறந்தா வாடை வரலன்னு நம்பாதே. உள்ள இருக்கிற வாயு முதல்ல மூக்கை மரத்துப் போக வச்சுடும். ஒருத்தர் விழுந்தா காப்பாத்த இறங்கினவரும் திரும்பி வர்றதில்ல.


ஓடைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கூட்டம் முடிஞ்சு நாலு நாள் ஆச்சு, இன்னைக்குத்தான் எழுத முடிஞ்சுது.

அக்கா சொன்ன கணக்கை வாயால சொன்னா நிக்காதுன்னு, என் பொண்ணு சார்ட் பேப்பர்ல ஒரு கதவு வரைஞ்சு அதுக்கு முன்னாடி 71 கோடு போட்டா. "வர்றதை எதுக்கு விடணும்"னு சத்தம் போட்ட பெரியவர் எழுந்து வந்து விரல் வச்சு எண்ண ஆரம்பிச்சார். முப்பதைத் தாண்டினதும் நிறுத்திட்டார். "இதுல என் பொண்டாட்டி எத்தனாவது கோடு"ன்னு கேட்டுட்டு உக்காந்துட்டார். அதுக்கப்புறம் யாரும் சண்டை போடல.

அந்த அமைப்புக்குக் கடிதம் எழுதியாச்சு. பத்து அறையை ஒரே இடத்துல கட்டாம, ரோட்டை ஒட்டின முதல் ரெண்டு சந்துல அஞ்சு குடும்பத்துக்கு ஒண்ணா கட்டணும், லாரி ஹோஸ் எட்டற இடத்துல தொட்டி இருக்கணும், தண்ணி இணைப்பு வந்த பிறகு ஆரம்பிக்கணும்னு. யோசிச்சுச் சொல்றோம்னு இருக்காங்க. முதல் ரெண்டு சந்துக்கு மட்டும்னா மீதிப் பேர் என்ன செய்யறதுன்னு ஒரு பாட்டி கேட்டாங்க. அதுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல. எங்க வீடு நாலாவது சந்து.

சங்கம் பதிவுக்குக் கையெழுத்து வாங்கிட்டு இருக்கோம். மனுவை ஐயா சொன்ன மாதிரியே ஒன்றேகால் லிட்டர்ல ஆரம்பிச்சு எழுதினேன். அலுவலகத்துல வாங்கி முத்திரை போட்டுக் கொடுத்தாங்க. முன்னாடி மூணு தடவையும் முத்திரை போடல. வாங்கினவர் "நிமிஷத்துக்கு ஏழரை லிட்டர்னு யார் அளந்தது"ன்னு கேட்டார். நான்தான்னு சொன்னேன். ஒருநாள் விடியக்காலை வந்து பார்க்கிறேன்னார்.

குழியைச் சுத்திச் செங்கல் வச்சாச்சு, மூடியும் போட்டாச்சு. ஐயா, ஒரு சந்தேகம். ப்ளீச்சிங் பவுடர் வாங்கி வச்சிருக்கோம், குடத்துக்கு எவ்வளவு போடறதுன்னு தெரியல. ஒரு வீட்டுல ஸ்பூன் கணக்கா போட்டு, வாடை தாங்காம பிள்ளைங்க குடிக்க மாட்டேங்குது.


முன்னாள் பொறியாளர் எழுதியது:

பவுடரை நேராகக் குடத்தில் போடவே கூடாது. 33 சதவீதம் குளோரின் என்று போட்டிருக்கிற பவுடரில் 30 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்து, வெயில் படாத மூடிய பாட்டிலில் வையுங்கள். அது ஏறக்குறைய ஒரு சதவீதக் கரைசல். 15 லிட்டர் குடத்துக்கு அதில் 3 மில்லி, மருந்து பாட்டில் மூடியில் அளவுக்கோடு இருக்கும். அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கலங்கல் தண்ணீரென்றால் முதலில் துணியில் வடிகட்டி, பிறகு இரண்டு மடங்கு விடுங்கள். பவுடர் பழையதானாலும் கரைசல் ஒரு வாரம் தாண்டினாலும் வீரியம் குறையும், அதனால் வாரத்துக்கு ஒருமுறை புதிதாகக் கரையுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

அளக்க வருகிறேன் என்றவர் வரும் அன்று குளோரின் சோதனைக் கிட் எடுத்து வரச் சொல்லுங்கள். முதல் நிமிடத் தண்ணீரிலும் பதினைந்தாவது நிமிடத் தண்ணீரிலும் பார்க்கச் சொல்லி, இரண்டு அளவையும் உங்கள் நோட்டில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அந்தக் கையெழுத்துப் போட்ட பக்கத்தை நகல் எடுத்து மனுவோடு சேர்த்துவிடுங்கள். அவர் வருவதற்குள் படியில் இருக்கிற பாசியைச் சுரண்டிவிட்டால் நல்லது, அவரும் உள்ளே இறங்கித்தான் பார்க்க வேண்டும்.